அனுமதிப் பொத்தான்

மதியச் சாப்பாடு சூடாகக் கிடைப்பது எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான், ஐயா. அன்று விடுப்பு. சாப்பிட உட்கார்ந்துவிட்டால் பாதியில் எழுந்திருப்பது எனக்குப் பிடிக்காது.

மருத்துவமனையின் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பு. முன்பு கணினிகளையும் கருவிகளையும் இணைக்கும் சுவிட்சுகளின் பாஸ்வேர்டைப் பெட்டிக் கதவிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே கை வைப்பான். அதை ஒழித்தது நான். இப்போது யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது. எந்த சுவிட்ச், என்ன காரணம் என்று எழுதிக் கேட்க வேண்டும். கோரிக்கை என் கைப்பேசிக்கு வரும். நான் பொத்தானை அமுக்கினால் திறக்கும். எனக்கு மாற்றாக இன்னொருவரையும் வைக்கச் சொன்னார்கள். அவசியப்படவில்லை.

என் தங்கை கணவனுக்கு அங்கே வேலை வாங்கித் தந்ததும் நான்தான். கெட்டிக்காரன், வாய்தான் நீளம். தங்கை வீட்டு விருந்தில் அத்தனை பேர் நடுவில் சொன்னான்: "மச்சானுக்கு என்ன கவலை? பட்டனை அமுக்கச் சம்பளம் குடுக்கறாங்க." என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். மனசு விட்டுப்போயிற்று.

சம்பவத்தன்று எனக்கு விடுப்பு. அவன் பணியில் இருக்கும்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவிட்ச் மக்கர் செய்தது. செவிலியர் மேசையில் இருந்த திரைகள் எல்லாம் இருண்டுவிட்டன. சுவிட்சுக்குள் நுழைந்து அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். கோரிக்கை வந்தது. காரணம்: 'அவசரம்'. அது காரணம் ஆகாது, மறுத்தேன். அடுத்ததில் சுவிட்ச் எண் இல்லை, அதையும் மறுத்தேன். உடனே போனில் கூப்பிட்டான்.

"மச்சான், உங்க கால்ல விழறேன், அமுக்குங்க. எந்த பேஷண்ட் எப்படி இருக்காங்கன்னே தெரியல."

"முறையா எழுதி அனுப்பு, மாப்பிள்ளை."

மூடிய அறையில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு செயற்கை சுவாசக் குழாய் நழுவியிருக்கிறது. திரை இருண்டிருக்காவிட்டால் மேசையில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். இறந்தபோது பிள்ளை பெற்று நான்கு நாள்தான் ஆகியிருந்ததாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. அவனுக்கு ஒரு கெட்ட பெயர் வரட்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

மூன்றாவது கோரிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தது: சுவிட்ச் எண், காரணம், கடைசியில் 'தயவுசெய்து' என்றுகூட. இரண்டு முறை படித்தேன். அதை நான் மறுக்கவில்லை, ஐயா. மறுப்பதற்கும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.