தானே துடைத்துக்கொள்ளும் தகடு

வீட்டில் நான் சாப்பாட்டு மேசையைக்கூடத் துடைத்தவனில்லை. சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள், கேட்காமலே சொல்வாள்.

எங்கள் சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தின் விளைச்சல் என்றதும் மின்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுரைகள். எங்கள் மின்விசிறியும் உங்களுடையதைப் போலத் தெருக்கம்பத்து மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது போடாதவரைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பிவிடுவார்கள். அந்த ஆண்டு வாசல்வரை வந்து நின்றவர் என் மகளின் கணவர். ஆய்வகத்தில் என்னை "சார்" என்பார். மொட்டைமாடிக்கு ஏறியதும் "மாமா" ஆகிவிடுவேன்.

சூரியத் தகட்டில் தூசு ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சைக் கண்டுபிடித்திருந்தார். மாடியில் பூச்சுள்ள தகடு ஒன்று, பூச்சில்லாதது ஒன்று. சிக்கல் என்னவென்றால், கண்டுபிடிப்பு விஷயம் தூசுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் பாரபட்சம் பார்க்காமல் உட்கார்ந்தது.

"வேற ஊர்ல வேலை தேடிக்கிறேன் மாமா," என்றார். "அவளையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிடுறேன்."

பாப்பாவுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. என் மூக்கைக் கடித்துத்தான் பழகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் மாடிக்குப் போய், பூச்சுள்ள தகட்டை மட்டும் கைக்குட்டையால் துடைத்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. சிலர் காலையில் நடக்கப் போவதில்லையா, அதுபோல.

"இது மூக்கா, புகைபோக்கியா?" என்றாள் மனைவி, என் கைக்குட்டைகளை ஊறவைத்தபடி.

மாப்பிள்ளை ஒன்றும் அறியாதவர். மதியம் அளந்து பார்த்து, "வேலை செய்யுது மாமா," என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. தூசு பட்டிருக்கலாம்.

கட்டுரை வந்தது. பரிசும் வந்தது. கல்குவாரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக் கூரையில் எங்கள் தகடுகளைப் பொருத்தினார்கள். மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் அதில்தான் ஓட வேண்டும். சில மாதங்களில் அங்கிருந்த செவிலியர் மையத்துக்கு ஃபோன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"சார், உங்க தகட்டு மேல விரலால படம் வரையலாம் போலிருக்கு. தானா துடைச்சுக்கும்னீங்களே? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், தானா எழுந்து காப்பி போடுவேன்னுவாரு. ஃப்ரிட்ஜுல சில்லுனே இல்ல சார். ஈரத்துணி போட்டு ஒரு இழுப்பு இழுத்துடட்டுமா?"

யோசித்தேன். துடைத்தால் ஃப்ரிட்ஜ் ஓடும். ஓடினால், துடைக்காமல் அது ஏன் ஓடவில்லை என்று யாராவது கேட்பார்கள்.

"தொடாதீங்கம்மா. பூச்சு போயிடும்," என்றேன்.

"படிச்சவங்க சொல்றீங்க, சரி."

அவர் மறுபடி கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

சூட்டில் இன்சுலின் வீரியம் இழந்தாலும் பார்வைக்கு அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியும். என் மனைவியும் போட்டுக்கொள்கிறாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அந்த ஊர் வேன் ஓட்டுநர் ஒருவரின் மகள், அந்த மருத்துவமனை இன்சுலினைப் போட்டுக்கொண்டிருந்தவள், வகுப்பறையில் மயங்கி விழுந்தாள். அதன்பின் எழுந்திருக்கவில்லை. செவிலியர் இன்னமும் தன்மேல்தான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பாவம், அவரிடம் யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள். துடைத்தது நான், துடைக்கக் கூடாது என்றதும் நான். எல்லாம் அவருக்காகத்தான், எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை.

கட்டுரையில் என் பெயர் ஏன் முதலில் இருக்கிறது என்று கேட்டீர்கள். அகர வரிசைப்படி போட்டோம், அவ்வளவுதான்.

அவர் பெயர் 'அ'வில்தானே தொடங்குகிறது என்கிறீர்கள். ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான். எப்போதும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுப் பழக்கம்; 'ம'வில் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.