உடனே கவனிக்கிறோம்

– மூணு வார்த்தையில உங்க வீட்டுக்காரரைப் பத்தி சொல்லணும்னா என்ன சொல்வீங்க அக்கா?

– மூணுதானா மேடம்?

– ஃபார்ம்ல அப்படித்தான் இருக்கு. நீங்க கூடக்குறைய சொல்லுங்க, நான் வெட்டிக்கறேன். அந்தத் துணியைக் கட்டில் மேல தள்ளிட்டு நல்லா சாஞ்சு உக்காருங்க. மேடம்லாம் வேண்டாம், உங்க தங்கச்சி வயசுதான் எனக்கு.

– சத்தமா தும்முவாரு.

– அக்கா, அது வந்து...

– அதுதான் முதல்ல ஞாபகம் வருது, என்ன பண்ண. பதினொரு வருஷம் அட்டை வெட்டற பஞ்சிங் மெஷின் முன்னாடி நின்ன மனுஷன். பாருங்களேன், மெஷின் சத்தத்துக்கு மேல கேட்கணும்னே தும்முவாரு. வீட்டுலயும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கிப் போட்டு எழுந்துக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அந்தம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்பேன். இப்ப அந்தக் குழந்தை நல்லா தூங்குது.

– ம். 'கடுமையான உழைப்பாளி'ன்னு போட்டுக்கறேன்.

– போட்டுக்குங்க.

– பொழுதுபோக்கு ஏதாவது?

– தூக்கம்.

– 'அமைதியை விரும்புபவர்.' சரியா வரும். ஒரு நிமிஷம்க்கா, கேக் கடைக்கு மெசேஜ். ம், போயிடுச்சு. சொல்லுங்க.

– கேக் வேற விக்கறீங்களா தங்கச்சி?

– எனக்கு முட்டையே ஒழுங்கா வேக வைக்க வராது. நான் ஆறு கடைக்கு எழுதறேன்க்கா. கேக் கடை, கரப்பான் மருந்து அடிக்கறவங்க, ஒரு டியூஷன் சென்டர், உங்க வீட்டுக்காரர் வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனி, இன்னும் ரெண்டு. வாரத்துக்கு ஒரு கட்டுரை, படம், விசாரிக்கறவங்களுக்குப் பதில், எல்லாம் இங்க இருந்தேதான். சின்னக் கம்பெனிக்காரங்களுக்கு இதுக்கெல்லாம் எங்க நேரம்? அவங்களே எழுதற மாதிரி நான் எழுதிடுவேன். 'வணக்கம் நண்பர்களே, இன்று அதிகாலை என் பட்டறையைத் திறந்தபோது'ன்னு.

– நீங்க பட்டறையைப் பார்த்திருக்கீங்களா?

– கேட்டைக்கூட பார்த்ததில்ல.

– அப்ப ஒரே ஆளு ஆறு முதலாளி.

– ஆறு பேருக்கும் கோபமே வராது. அது ஒண்ணுதான் வித்தியாசம்.

– இப்ப கேக் கடையில என்ன கேட்டாங்க?

– தெரியல.

– பதில் போட்டீங்களே.

– அதுவா. ஒரு நாளைக்கு இருநூறு வரும்க்கா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்கேன், தட்டினா அழகா ஒரு பதில் போயிடும். சாயங்காலம் 'ஆர்டர்'னு தேடினா ஆர்டர் கேட்டது மட்டும் வரிசையா வந்து நிக்கும், அதை எடுத்து அந்தந்த முதலாளிக்கு அனுப்பிடுவேன். ஐயோ, நீங்க ஏன்க்கா என் துணியை மடிக்கறீங்க, வச்சுடுங்க.

– இருக்கட்டும். நான் ஆஸ்பத்திரி லாண்டரியில போர்வை மடிக்கறவ. கை சும்மா இருந்தா தலை வேலை செய்ய ஆரம்பிச்சுடும். நீங்க கேளுங்க.

– சரி. இனிமே கொஞ்சம் கஷ்டமான இடம். இந்த அஞ்சலிக் கட்டுரைக்கு முதலாளி சார் ஒரு பாரா அவரே அனுப்பியிருக்காரு. உங்களுக்குப் படிச்சுக் காட்டி சம்மதம் வாங்கிட்டுத்தான் போடணும்னு சொல்லியிருக்காரு. படிக்கட்டுமா?

– படிங்க.

– 'எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு இயந்திரத்திலும் பாதுகாப்புத் தடுப்பு உண்டு. தினமும் காலையில் நானே சோதித்துப் பார்க்கிறேன். துரதிர்ஷ்டவசமாக, அன்று அவர் தடுப்பைத் தாமே கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறார். இனி யாரும் இப்படிச் செய்யாதிருக்க இந்த இழப்பு பாடமாகட்டும்.'

– நல்லா இருக்கு.

– அக்கா, நல்லா இருக்கான்னு கேட்கல. இதுக்கு நீங்க சம்மதமா?

– சம்மதம்தான். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கையெழுத்துப் போடற பேப்பர்லயும் இதேதான் இருக்காம். தடுப்பை அவரே கழட்டினாரு, கம்பெனி மேல எனக்கு எந்தக் குறையும் இல்லன்னு. கையெழுத்துப் போட்டா பேக்கிங்ல எனக்கு வேலை.

– வீட்டுல என்ன சொல்றாங்க?

– கொழுந்தன் குதிக்கறாரு. போடாதீங்க அண்ணி, எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு. நாலு நாளா அவரு என்கூடப் பேசறதில்ல. சோறு போட்டா எடுத்துட்டு வாசல்ல போய் உக்காந்து சாப்பிடறாரு.

– நீங்க என்ன நினைக்கறீங்க?

– எனக்குக் கோபம் வருது தங்கச்சி. செத்துப்போன மனுஷன் மேல கோபப்படக் கூடாதுன்னு தெரியும், ஆனாலும் வருது. அந்த மெஷினை நீங்க பார்த்ததில்லல்ல. வாய் மாதிரி திறந்து மூடும். அட்டையை உள்ள வச்சுட்டுக் கையை எடுத்துடணும். முன்னாடி ஒரு தடுப்பு இருக்கும். கையோ உடம்போ அதுல பட்டா மெஷின் தானா நிக்கணும். அவ்வளவுதான் சங்கதி. அதைப் போய் எதுக்குக் கழட்டணும்? நாலு பெட்டி கூட வெட்டி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறாரு? துணி மடிக்கறப்பல்லாம் அவரோட சண்டை போடறேன். பதிலே இல்ல.

– அவருதான் கழட்டினாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

– ஏன்னா மெஷின்ல இருந்த கோளாறை முதலாளி சரி பண்ணிட்டாரு. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னே வந்தேன். இந்த ஒண்ணை நீங்க கண்டிப்பா எழுதணும், மத்ததை எப்படி வேணா வெட்டிக்குங்க. புதன்கிழமை மெஷின்ல ஏதோ கோளாறுன்னு அவரு முதலாளிக்கு மெசேஜ் போட்டிருக்காரு. முதலாளியோட சொந்த நம்பர் தொழிலாளிங்க யார்கிட்டயும் கிடையாது. பெட்டி மேல அச்சடிச்சிருக்குல்ல, அந்த நம்பருக்குத்தான். அவரு கையால வெட்டற பெட்டிதானே, நம்பர் மனப்பாடம்.

– பெட்டி மேல இருக்கற நம்பருக்கா?

– ஆமா. அன்னைக்குச் சாயங்காலம் வந்தவரு, பாருங்களேன், சாப்பிடற நேரத்துல இடது கையில போனை எடுத்து எடுத்துப் பார்க்கறாரு. என்னய்யா அதுலன்னேன். 'முதலாளி நன்றி சொல்லியிருக்காருடி'ன்னாரு. பதினொரு வருஷத்துல 'டேய்'னு கூப்பிட்டதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்ட முதலாளி 'உங்கள் அக்கறைக்கு நன்றி, உடனே கவனிக்கிறோம்'னு போட்டிருக்காரு. 'உங்கள்'ங்கற எழுத்து மேல விரலை வச்சுக் காட்டினாரு. மறுநாள் காலைல சட்டையைத் தேய்ச்சுக் குடுன்னு வாங்கிப் போட்டுட்டுப் போனவருதான், திரும்பி வரல. பட்டறைக்குப் போறவரு தேய்ச்ச சட்டை போட்டு நான் பார்த்ததே இல்ல.

– 'உடனே கவனிக்கிறோம்'...

– தங்கச்சி?

– ம்.

– டைப் பண்றதை நிறுத்திட்டீங்க.

– இல்லக்கா, சொல்லுங்க. அந்தப் பதிலுக்குக் கீழ ஏதாவது படம் இருந்துச்சா?

– இருந்துச்சே. ஒரு பூ, ரெண்டு கை கூப்பற மாதிரி ஒண்ணு. உங்களுக்கு எப்படித் தெரியும்?

– எல்லாரும் போடறதுதான். அந்த போன் இப்ப எங்க இருக்கு?

– மேல் பாக்கெட்ல வச்சிருந்தாரு. அவரோடவே மெஷின்ல போச்சு. உங்களுக்கு என்னாச்சு, வேர்க்குது?

– ஃபேன் சரியா சுத்தல. இருங்க, சார்தான் கூப்பிடறாரு. ஹலோ சார், அக்கா இங்கதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறேன்.

– என்னம்மா, தைரியமா இருக்கியா? நம்ம கம்பெனி ஒரு குடும்பம், அதை மனசுல வச்சுக்க. மேடம் நல்லா எழுதுவாங்க. நாலு பேரு படிக்கறப்ப உன் புருஷன் பேரு நிக்கும், என்ன.

– சரிங்க முதலாளி. அந்த நன்றியை எழுதச் சொல்லிட்டு இருந்தேன்.

– எந்த நன்றி?

– புதன்கிழமை நீங்க அவருக்கு மெசேஜ் போட்டீங்களே. மெஷினைக் கவனிக்கறோம்னு.

– மெசேஜா. ஆமா, ஆமா. போட்டேன். போடாம இருப்பேனா? அன்னைக்குச் சாயங்காலமே ஆளை விட்டுச் சரி பண்ணிட்டோமே. அதுக்கு அப்புறம் அவனாக் கழட்டினா நான் என்ன பண்றது, நீயே சொல்லு. நாளைக்குப் பத்து மணி, மறந்துடாத. மேடம், அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் எடுங்க.

– எடுத்துட்டேன் சார். ஆமா சார், எல்லாம் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. எதுவரைக்கும் சார்? போன வாரம் முழுக்கவா? இல்ல சார், நேரமெல்லாம் ஆகாது, ஒரு தட்டுதான். புரியுது. என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க, புரியுது சார். வச்சிடறேன்.

– என்ன சொல்றாரு?

– வேற ஒரு வேலை சொன்னாரு.

– பாருங்களேன், என்னை வா, போன்னுதான் பேசறாரு. செத்தவரைப் பத்தி சொல்றப்பவும் அவன், இவன்தான். மெசேஜ்ல மட்டும் எவ்வளவு மரியாதை. எழுத உக்காந்தா மனுஷனுக்கு மனசு வேற மாதிரி ஆயிடுமோ என்னமோ. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் நாளைக்குக் கையெழுத்துப் போடறேன் தங்கச்சி. ஒரு தொழிலாளிக்கு நன்றி சொல்ற மனசு இருக்கறவரு பொய் சொல்வாரா? தப்பு நம்ம ஆள் பேர்லதான் இருக்கணும்.

– தண்ணி குடிக்கறீங்களா?

– வேண்டாம். மடிச்சு முடிச்சுட்டேன். இந்தப் பச்சைச் சட்டையில மட்டும் பட்டன் போயிருக்கு, தனியா வச்சிருக்கேன். கட்டுரை முடிஞ்சுதா?

– இன்னும் ஒரு கேள்வி இருக்கு. அன்னைக்கு அவரு முதலாளிக்கு என்ன எழுதினாருன்னு உங்ககிட்ட காட்டினாரா?

– இல்ல, பதிலைத்தான் காட்டினாரு. அதுலயே அவருக்கு வாயெல்லாம் பல்லு. என்ன எழுதினா என்ன இப்ப? அதுவும் கட்டுரையில வரணுமா?

– அது இங்க இருக்கு.

– எது?

– அவரு அனுப்பினது. இந்த ஸ்கிரீன்ல இருக்கு. பக்கத்துல வாங்க. புதன்கிழமை, பகல் பன்னெண்டு நாப்பத்திரண்டு.

– அவரோட சாப்பாட்டு நேரம். நீங்களே படிங்க, என் கண்ணு இப்ப சரியில்ல.

– 'வணக்கம் முதலாளி. நான் மூணாம் நம்பர் பஞ்சிங் மெஷின்ல இருக்கறவன். தடுப்புல கை பட்டாலும் மெஷின் நிக்க மாட்டேங்குது. திங்கள்கிழமையில இருந்து இப்படி இருக்கு. சூப்பர்வைசர் கிட்ட சொன்னேன், கையில இருக்கற வேலை முடியட்டும்ங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஓட்டட்டுமா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறேன். தப்பா நினைக்காதீங்க.'

– பயமா இருக்குன்னா எழுதியிருக்காரு?

– ஆமா.

– என்கிட்ட அதைச் சொல்லல. அந்த மனுஷன் எதுக்கும் பயம்னு சொன்னதே இல்ல.

– அக்கா.

– சரி, அதுக்குத்தான் முதலாளி கவனிக்கறோம்னு போட்டுட்டாரே. சாயங்காலமே ஆளை விட்டாராமே. இப்பதானே போன்ல சொன்னாரு, நீங்களும் கேட்டீங்க.

– ஆளையெல்லாம் விடலக்கா. பெட்டி மேல இருக்கற நம்பருக்கு வர்றதெல்லாம் இங்கதான் வரும், இந்த மெசேஜ் அவருக்குப் போகவே இல்ல. இப்ப நீங்க சொல்ற வரைக்கும் இப்படி ஒண்ணு வந்ததே அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச உடனே இதைத் துடைச்சுடச் சொல்லித்தான் ஸ்பீக்கரை எடுக்கச் சொன்னாரு.

– என்ன பேசறீங்க? போகலன்னா பதில் எப்படி வரும்?

– பதில் போன நேரமும் பன்னெண்டு நாப்பத்திரண்டுதான், பாருங்க. நாளைக்கு அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்கக்கா. உங்க கொழுந்தனை இங்க வரச் சொல்லுங்க, இதை அப்படியே எடுத்துத் தர்றேன். யாரு முன்னாடி வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன். அவரு தடுப்பைக் கழட்டல. உங்க ஆள் மேல தப்பு இல்ல.

– அப்ப அவருக்கு நன்றி சொன்னது யாரு?

– இந்த நாற்காலியில உக்காந்து பட்டனைத் தட்டினது நான்தான். அவரு என்ன எழுதியிருந்தாருன்னு இப்பத்தான் முதல் தடவையா படிக்கறேன்.