வெள்ளை அவனுக்கு, மஞ்சள் எங்களுக்கு

இல்லீங்க்கா, அந்தச் சேருல உக்காராதீங்க, காலு ஆடும். எங்க கொழுந்தன் அதும்மேல காலைத் தூக்கி வெச்சுத்தான் தண்டால் எடுப்பான். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. மாமியும் எங்க ஊட்டுக்காரரும் அவனைக் கூட்டியாரத்தான் போயிருக்காங்க. ஜிம்மு ஏரிக்கு அந்தப் பக்கம், காப்பி மூட்டை அடுக்கற பழைய குடோன்ல. இந்தப் பனியில நடந்து வர்றதுக்கு நேரமாவும். டீ குடிங்க.

நீங்க என்ன கேட்டீங்க, மாப்பிள்ளைத் தம்பி சாப்பாட்டுல எப்படி, காரம் தின்பாரா, புளிப்பு தின்பாரான்னு. பொண்ணுக்குச் சின்னம்மா, கேக்க வேண்டிய கேள்விதான். மத்தவங்களா இருந்தா சிரிச்சுக்கிட்டு, எதை வெச்சாலும் மொகம் சுளிக்காம திம்பாருங்கன்னு சொல்லி முடிச்சிருப்பாங்க. எனக்கு அந்தப் பழக்கமில்லீங்க. கான்வென்டுல படிச்சவ நான். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் எழுதுனா சிஸ்டர் ஸ்கேலைத் தூக்கிருவாங்க. அதனால முழுசாவே சொல்றேன், நீங்க பாட்டுக்குக் கேளுங்க.

எங்க சிக்கந்தருக்குக் காரம் புளிப்பெல்லாம் கெடையாது. ரெண்டே சீசன்தான். ஒடம்பை ஏத்தற சீசன், ஒடம்பை எறக்கற சீசன். மலைக்குக் காப்பி சீசன், ஆரஞ்சு சீசன்னு இருக்குதில்ல, அந்த மாதிரி.

ஏத்தற சீசன்னா, விடிஞ்சதும் பச்சை முட்டை. டம்ளர்ல ஒடச்சு ஊத்தி, மேல பாலை ஊத்தி, விரலை உட்டுக் கலக்கி அப்படியே தொண்டையில எறக்குவான். மீசையில நூலு மாதிரி ஒண்ணு தொங்கும். தொடைக்கவும் மாட்டான், அதோடவே பேசுவான். பார்த்தீங்களா, நான் சொல்றதுக்கே உங்களுக்குக் கொமட்டுது. நான் தெனம் எதிர்க்க நின்னு பார்த்தவ. அப்புறம் ஊற வெச்ச கடலை. அப்புறம் இட்டிலி, அதுக்கு மேல ஈரல். அது செரிக்கறதுக்குள்ள வாழைப்பழம், வேர்க்கடலை. மத்தியானம் கறியும் சோறும். சாயங்காலம் ராகிக் களி உருண்டை, இத்தாம் பெருசு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா உள்ள போயிட்டே இருக்கோணுமாம், இல்லீன்னா சதை கரைஞ்சிருமாம். நான் ஒரு சட்டியக் கழுவிக் கவுக்கறதுக்குள்ள அடுத்த சட்டிய ஏத்தோணும். இந்த ஊருல வெறகு எந்தக் காலத்துல காஞ்சிருக்குது? ஊதி ஊதி எங்கண்ணுதான் காஞ்சு போச்சு.

ஏப்பம் உட்டான்னா பக்கத்து ஊட்டுக் கோழி திரும்பிப் பார்க்கும். மத்ததை நான் எப்படிச் சொல்றதுங்க, டீசன்டா சொல்ல ஒரு வார்த்தை இல்ல. குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கற ஊரு இது. எங்கூட்டு ஜன்னலு மட்டும் தொறந்தே கெடக்கும். அவன் போர்வை இல்லாமத் தூங்குவான், நாங்க மூணு பேரும் ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு நடுங்குவோம்.

தலைச்சோலையிலிருந்து தங்கம்மான்னு ஒருத்தி முட்டை கொண்டாருவா. கூடையோட இங்க எறக்கிட்டு வெறுங்கூடையோட போறவ. ஒரு நாளு கேட்டுட்டா, ஏனுங்கம்மா, இத்தனை முட்டைய வாங்கி அடை வெக்கறீங்களான்னு. ஆமா ஆத்தா, ஒண்ணு இருக்குது, வருசக்கணக்கா அடை காக்கறோம், பொரிக்கவே மாட்டேங்குதுன்னேன். உள்ளார மாமி கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்.

சிரிங்க, சிரிங்க. இன்னும் எறக்கற சீசனுக்கு வரலீல்ல.

போட்டிக்கு மூணு மாசம் இருக்கறப்ப ஆரம்பிக்கும். சேலத்துல வருசா வருசம் ஆணழகன் போட்டி வெக்கறாங்களே, அதுக்குத்தான். கொழுப்பைக் கொறைக்கோணும் அண்ணின்னு வந்து நின்னான். எந்தக் கொழுப்பு சாமி, ஒடம்புல இருக்கறதா, வாயில இருக்கறதான்னு கேட்டேன். அவனுக்கு வெளங்கல. வெளங்கியிருந்தா பாதி கொறைஞ்சிருக்கும்.

இதுக்கெல்லாம் யாரு வாத்தியாருன்னு நெனைக்கறீங்க, நான்தான். ஜிம்மு மாஸ்டரு ஆரோக்கியதாஸ் சேலத்துப் பழைய பேப்பர் கடையில பாரின் புத்தகமாப் பொறுக்கிட்டு வருவாரு. அட்டையில ஒருத்தன் ஒடம்பு பூரா எண்ணெயப் பூசிக்கிட்டு, கைக்குட்டை அளவுக்கு ஒண்ணைக் கட்டிக்கிட்டு நிப்பான். இவன் எட்டாவதோட நின்னவன். இங்கிலீஷு தெரிஞ்சவ ஊட்டுல நான் ஒருத்திதான். அடுப்படிக்கே வந்து நீட்டுவான், அண்ணி, இதுல என்ன போட்டிருக்குது சொல்லுங்கன்னு. எலக்யூஷன் பேச்சுப் போட்டியில கப்பு வாங்குனவ நான். மதர் என் உச்சரிப்பைக் கேட்டுட்டு நீ டீச்சராத்தான் ஆவோணும்னாங்க. அந்த இங்கிலீஷை வெச்சுக்கிட்டு, இவன் தொடைக்கும் வவுத்துக்கும் கறிக்கரண்டியும் கையுமா நின்னு அர்த்தம் சொல்லிட்டிருந்தேன்.

ஒருக்கா லீன் மீட்டுன்னு போட்டிருந்துச்சு. பாலு பொங்குது, வாசல்ல ஆளு கூப்படறாங்க, லீன்னா எளைச்சதுன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். கொழுப்பில்லாத கறின்னு எடுத்துக்க வேண்டியதுதான? இவன் நேரா கறிக்கடைக்குப் போயிட்டான். அங்க சையத் இப்ராஹிம் பாய் அப்பத்தான் நல்ல கொழுத்த கெடாவா அறுத்துத் தொங்க உட்டிருக்காரு. கடை நெறைய ஆளு. இவன் போயி நின்னு, எனக்கு எளைச்ச ஆட்டுக் கறி வேணும் பாய்ங்கறான். பாய் கத்திய எறக்காமயே கேட்டிருக்காரு, ஏன்டா, எங்கடையில சீக்கு ஆட்டை அறுக்கறேன்னு எவன்டா சொன்னதுன்னு. எங்கண்ணிதான் புத்தகத்துல படிச்சுச் சொன்னாங்கன்னுட்டான் இவன். அதுக்கப்புறம் எனக்கு அந்தக் கடையில எலும்புந்தான், சவ்வுந்தான். பாய் சம்சாரம் கறி வாங்க வர்ற பொம்பளைங்க கிட்டயெல்லாம் சொல்லி வெச்சுட்டா, பஷீர் பொண்டாட்டி படிச்ச திமிருல பேசுதுன்னு.

எறக்கற சீசன்ல முட்டையில வெள்ளை மட்டுந்தான் திம்பான். உப்பு கெடையாது. கோழிய தோலை உரிச்சு வெறுந்தண்ணியில வேக வெக்கோணும். கொள்ளு அவிச்ச தண்ணி ஒரு சொம்பு. நீங்க கேக்கலாம், மஞ்சக் கரு என்னாவும்னு. பொருளை வீசலாமாங்கறாங்க மாமி. அதனால மஞ்சக் கருவுல கொழம்பு, மஞ்சக் கருவுல பொரியல், ஒரு நாளு அல்வாக் கூடக் கிண்டச் சொன்னாங்க. வெள்ளை அவனுக்கு, மஞ்சள் எங்களுக்கு. எங்க ஊட்டுக்காரரு பாவம், வெச்சதைத் தின்னுட்டு எங்க மளிகைக் கடைக்குப் போற மனுசன். போட்டி நெருங்கறப்ப நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. டாக்டரு ரத்தத்தைப் பார்த்துட்டு, இத்தனை கொழுப்பு எங்கிருந்து வந்துச்சுங்கறாரு. தம்பி ஒடம்புல எறங்குனதெல்லாம் அண்ணன் ஒடம்புல ஏறியிருக்குது. நான் சொல்லல. சொன்னா, அது என்னமோ நான் சமைச்ச கொறைன்னு வரும்.

அப்ப அவன் மூஞ்சியப் பார்க்கோணும் நீங்க. கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, பசியில தேளு மாதிரி திரிவான். நான் வெங்காயம் தாளிக்கக் கூடாது. வாசத்துக்கு அவனுக்கு வெறி வருதாம். பெருநாளைக்கு பிரியாணி தம் போட்டேன்னு தட்டை வாசல்ல விசிறிட்டான். அன்னிக்கு ஊட்டுக்கு வந்தவங்களுக்கு பக்கத்து ஊட்டுல இருந்து வாங்கி வெச்சேன். மாமி என்ன சொன்னாங்க, புள்ளை பசியோட இருக்கறப்ப நீ எதுக்கு மணக்க மணக்கச் சமைக்கறன்னு.

கடைசி ரெண்டு நாளு தண்ணியும் குடிக்க மாட்டான். தோலு எலும்போட ஒட்டுனாத்தான் நரம்பு தெரியுமாம். போன வருசம் அந்த மேடையில போயி எண்ணெயப் பூசிக்கிட்டு நின்னான். ஆறு பேரு நின்னாங்க, இவனுக்கு அஞ்சாவது எடம். ஆறாவது ஆளு காலு மரத்துப் போயி நடுவுல உக்காந்துட்டானாம்.

குடி இல்லீங்க, பீடி சிகரெட் இல்ல. அது நெசந்தான், நான் எதுக்குப் பொய் சொல்றேன். தண்ணியவே குடிக்காதவன் வேறென்னத்தைக் குடிப்பான்? கை நீட்டுவானான்னா, அதுவும் இல்ல. கையில அடிபட்டா ட்ரெயினிங்கு போயிருமே. கடையில உக்காருவான், கண்ணாடி பீரோவுக்கு எதிர்க்க. வர்றவங்க சீரகம் கேட்டா, கைய மடக்கிப் பார்த்துக்கிட்டே சோம்பை எடுத்துக் குடுப்பான்.

அதுதானங்க, நீங்களும் அதையே சொல்றீங்க. முட்டை வேக வெக்கறது பெரிய வித்தையா, எவ வேணா வெப்பான்னு. நானும் அதையேதான் கேட்டேன். ஒரு மூட்டை அரிசிய ஒத்தைக் கையில தூக்கறவன், ஒரு சட்டி தண்ணியத் தூக்கி அடுப்புல வெக்க முடியாதான்னு. மாமிக்குக் கோவம் வந்துருச்சு. ஆம்பளப் புள்ளைய அடுப்படிக்குள்ள உடச் சொல்றியான்னாங்க.

வெறுத்துப் போச்சான்னு கேக்கறீங்களா? வெறுப்பு தெனமும் இருந்துச்சு, அதோடவே சமைச்சுட்டுத்தான் இருந்தேன். பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான. அவனுக்குச் சமைக்கறதை நான் நிறுத்துனது வேற விசயத்துல.

எங்கம்மா ஆத்தூருல மௌத்தானாங்க, இந்த வருசப் போட்டிக்குப் பத்து நாளு முன்னாடி. நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. மௌத்தான ஊட்டுல மூணு நாளைக்கு அடுப்பு பத்த வெக்க மாட்டோம். சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் சோறு கொண்டாந்து குடுப்பாங்க, அதைத்தான் சாப்படுவோம். ரெண்டாம் நாளு நான் எங்கம்மா சேலைய மடிச்சுக்கிட்டு உள்ளார உக்காந்திருக்கேன், ஊதுபத்தி வாசம் இல்ல, வேற என்னமோ வாசம் வருது. வெறகுப் பொகை. எந்திரிச்சுப் போயிப் பார்க்கறேன். எங்கம்மா அடுப்பு எரியுது. எங்கம்மா சட்டியில முட்டை வேவுது. எங்க மாமி ஊதிட்டிருக்காங்க. இவன் அடுப்பு ஓரமா, தட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பக்கத்து ஊட்டுல இருந்து நெய்ச்சோறு வந்து அப்படியே இருக்குது, அதுல உப்பு இருக்குதாம், நெய்யி இருக்குதாம். தெருவுல நாலு பேரு கூரைய அண்ணாந்து பார்த்துட்டு நின்னாங்க, மௌத்தான ஊட்டுல பொகை வருதேன்னு.

என்னைப் பார்த்ததும் அவன் கேட்டது என்ன தெரியுங்களா? அண்ணி, மஞ்சக் கருவ நீங்க எடுத்துக்கறீங்களா.

இல்லீங்க, நான் கத்தல. எனக்குக் கத்த வராது. மலைக்குத் திரும்பி வந்தேன், எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் மட்டும் ஒலை வெச்சேன். அவன் முட்டைக் கூடை அது பாட்டுக்குக் கெடந்துச்சு. மொத நாளு மாமி கூப்பிட்டாங்க, நான் பாட்டுக்கு வெங்காயம் தாளிச்சேன். ரெண்டாம் நாளு அவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாங்க. அவரு எம்மூஞ்சியப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லாம கடைக்குப் போயிட்டாரு. அவரு அம்மாவை எதுத்து ஒரு வார்த்தை பேசாத மனுசன், அன்னிக்குப் பேசாம போனதே எனக்குப் போதும்னு இருந்துச்சு. மூணாம் நாளு மாமி புரோக்கரை வரச் சொல்லிட்டாங்க.

ஆமாங்க, போன மாசந்தான். முப்பத்திரெண்டு வயசு வரைக்கும் இந்தப் புள்ளைக்கு யாரும் கல்யாணப் பேச்சே எடுக்கல. அண்ணன் சம்சாரம் மூணு நாளு சட்டியத் தூக்கல, உடனே எங்கயாவது பொண்ணு இருக்குதான்னு அலையறாங்க. சீரு செனத்தி எதுவும் வேண்டாம்னுட்டாங்களேன்னு உங்கக்கா சந்தோசப்பட்டாங்களாம், புரோக்கரு சொன்னாரு. உங்க ஆயிஷா அந்த ஸ்கூல் வேலைய மட்டும் உட்டுட்டு வரோணும்னாங்களே, அது எதுக்குன்னு யாராவது கேட்டீங்களா?

அழாதீங்க, எதுக்கு இப்ப? நான் உங்க சம்பந்தத்தைக் கெடுக்க வரல. பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க பாடு. நீங்க மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கீங்க. இவங்க பொண்ணு பார்க்கல, எனக்குப் பதிலா ஒரு ஆளு பார்க்கறாங்க. அதை நான் சொல்லாம உட்டா, நாளைக்கு அந்தப் புள்ளை இந்த அடுப்படிக்கு வந்து நின்னு என் மூஞ்சியப் பார்க்கறப்ப நான் எங்க பார்க்கறது?

கேட்டு தொறக்கற சத்தம். வந்துட்டாங்க. நீங்க எந்திரிக்காதீங்க, மொகத்தைத் தொடச்சுக்கிட்டு அப்படியே உக்காருங்க. எங்கிட்ட எதுவும் கேட்டதா காட்டிக்க வேண்டாம். மாமி வந்து சலாம் சொல்லுவாங்க, பனியப் பத்திப் பேசுவாங்க. அப்புறம் பொண்ணைப் பத்திக் கேப்பாங்க. என்ன படிச்சிருக்கான்னு கேக்க மாட்டாங்க, ஓதத் தெரியுமான்னும் கேக்க மாட்டாங்க. காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பான்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்வி வருதா இல்லையான்னு மட்டும் பாருங்க.