குடிவந்தவர்கள்

— கை கழுவாம பிள்ளைய யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டது நான்தான். இப்ப கழுவாமத் தொடுன்னு நானே வந்து நிக்கிறேன். கண்ணத் தொற, சுண்டெலி.

— அக்காவா? நான் இப்பதான் ஒரு ஊர்ல இருந்தேன்.

— வலி மாத்திரை மயக்கம்.

— தெருவெல்லாம் அழகா இருந்துச்சுக்கா. வரிசையா வீடு. எல்லாக் கதவும் தொறந்து கெடக்கு, உள்ள ஒரு ஆள் இல்ல. அடுப்பெல்லாம் புதுசு, ஒருத்தரும் பத்த வெச்சதில்ல. நான் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கூப்பிட்டுப் பாத்தேன்.

— ஊர அப்புறம் சுத்தலாம். என் கையில யாருன்னு பாரு.

— எடுத்துட்டுப் போக்கா.

— பாருடி.

— மாட்டேன். மூணாவது மாசமே பேசினோம்ல. அவன் என்ன விட்டுட்டுப் போனப்ப, கலைச்சிடறேன்னு உன்கிட்டதான் வந்து அழுதேன். பெத்து எனக்குக் குடு, நான் வளக்கறேன்னு சொன்ன. ஆனா மொகத்தப் பாக்கக் கூடாது, பால் குடுக்கக் கூடாது, குடுத்தா விட மனசு வராதுன்ன. சரின்னேன். வயித்தக் கிழிச்சு எடுத்தப்பக்கூட செவுத்துப் பக்கமாத்தான் திரும்பிக் கெடந்தேன்.

— பிள்ளைக்கு வயிறு ஊதிக்கிடுச்சு.

— என்னது?

— கல்லு மாதிரி இருக்கு, தொட்டா வீல்னு கத்துது. டப்பாப் பால் எதக் குடுத்தாலும் வாந்தி. நேத்துலேருந்து கத்தக்கூடத் தெம்பில்ல, முனகுது. இப்படியே போனா குடல் புண்ணாயிடும், அப்புறம் கத்திதான்கறாரு டாக்டர். இத்தனூண்டு வயித்துல கத்தியாம்.

— அய்யோ, குடு இங்க... இல்ல, வேணாம். டாக்டர் வேற என்ன சொன்னாரு?

— சொன்னாரு. என்னப் பாத்து, உங்க கொழந்தைக்குக் கிருமி பத்தலம்மான்னாரு.

— கிருமியா?

— ஆமா. என்கிட்ட. கம்பெனியில தொப்பி, முகமூடி, கையுறைன்னு மாட்டிக்கிட்டு சலைன் பாட்டில்ல ஒரு கிருமி எறங்காம இத்தன வருஷமா காவல் நிக்கறவகிட்ட. எனக்கு வந்த கோவத்துக்கு, யோவ் நீ படிச்சுதான் வந்தியான்னு கேட்டிருப்பேன். இவ முனகினதால வாய மூடிக்கிட்டேன்.

— கிருமி எதுக்குக்கா கொழந்தைக்கு?

— நல்ல கிருமியாம். எல்லார் குடல்லயும் கோடிக்கணக்குல குடியிருக்காம். சாப்பாட்ட செரிக்க வெக்கறதுல பாதி வேல அதுங்களுதாம். எதத் தாக்கணும், எத விட்டுடணும்னு உடம்புக்குச் சொல்லிக்குடுக்கறதும் அதுங்கதானாம். பொறக்கற வழியிலயே பாதி வந்து ஒட்டிக்குமாம், மிச்சம் பெத்தவ தோல்லேருந்து, பால்லேருந்து. இவளுக்கு அந்த வழியும் இல்ல, இந்த வழியும் இல்ல. பொறந்தப்ப காய்ச்சலுக்குப் போட்ட ஊசியில கொஞ்ச நஞ்சம் இருந்ததும் போச்சு. போதாக்குறைக்கு நான் வேற.

— நீ என்ன பண்ணின?

— என்ன பண்ணல? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனதும் துணிய ரெண்டு தடவ கொதிக்க வெச்சேன். தொட்டிலுக்கு ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன். உன் மாமா ஆசையா ஒரு முத்தம் குடுக்க வந்தாரு, நெத்தியில கை வெச்சுத் தள்ளி விட்டேன். கம்பெனியில பாட்டிலுக்குப் பண்ணினதையே பிள்ளைக்கும் பண்ணிட்டேன். வயித்துக்குள்ள ஒருத்தரும் குடிவரல சுண்டெலி. வீடு காலியா கெடக்கு.

— நான் நின்ன ஊரு.

— என்ன?

— ஒண்ணுமில்ல. இப்ப நான் என்ன பண்ணணும்?

— வெறும் நெஞ்சுல போட்டுக்கணும். பால் குடுக்கணும், கொஞ்சம் கொஞ்சமா. உடனே சரியாயிடும்னு அவரும் சத்தியம் பண்ணல. மொதல்ல இதப் பாப்போம்னாரு. நர்ஸ் வெளியதான் உக்காந்திருக்கா. ஆனா... பால் வத்தறதுக்கு மாத்திர குடுத்தாங்கள்ல உனக்கு.

— குடுத்தாங்க.

— எல்லாம் முழுங்கிட்டியா?

— தலகாணிக்கு அடியில இருக்கு.

— அடிப்பாவி.

— திட்டாதக்கா. முழுங்கலாம்னு தண்ணி எடுத்தேன், கையில வெச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன். பால் கட்டி நெஞ்சு நெருப்பா வலிச்சுது. பாத்ரூம்ல போய்ப் பீச்சி விட்டுட்டுத் தண்ணி ஊத்தினேன். அது ஓடறதப் பாக்க முடியல.

— திட்டலடி. உன் காலத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு.

— ஒண்ணு சொல்லட்டா? எனக்குப் பயமா இருக்கு. போட்டுக்கிட்டா நான் திருப்பிக் குடுக்காமப் போயிட்டா?

— அந்தப் பயம் எனக்கு இல்லையா? லிப்ட்ல ஏறாம படியில வந்தேன். ஒவ்வொரு படிக்கும், திரும்பிடு, வேற டாக்டர் பாத்துக்கலாம்னு மனசு சொல்லுது. நடுவுல ஒரு தடவ படியிலயே உக்காந்துட்டேன். இவ முனகினா. எந்திரிச்சு வந்துட்டேன். பிடி.

— திருப்பிக் குடுத்துடுவேன்கா. உன் மேல சத்தியம்.

— சத்தியத்த அப்புறம் பண்ணு. தலையப் பிடி மொதல்ல. ஆங். கழுத்து, கழுத்து.

— எவ்வளவு லேசு. என்னக்கா பண்ற?

— தொடச்சு விடறேன்.

— ஸ்பிரிட் பஞ்சா அது?

— அட, கை தானா போகுதுடி. இந்தா, ஜன்னலுக்கு வெளிய போட்டாச்சு.

— மழ பெய்யுதா?

— காலையிலேருந்து பெய்யுது. நீ எங்க பாத்த. வாயத் தொறக்கறாளா?

— தேடறா. இரு. பிடிச்சுட்டா. அக்கா, பிடிச்சுட்டா.

— மெதுவா. மெதுவாக் குடுக்கணும்னு சொன்னாரு. உனக்குத் தையல் வலிக்குதா?

— தெரியல. உடம்பு எங்கயோ இருக்கு. மழ சத்தம் உள்ள கேக்குது. பேசிக்கிட்டே இரு அக்கா, இல்லேன்னா தூங்கிடுவேன்.

— என்னத்தப் பேச? ஆங், அந்த டாக்டர் இன்னொண்ணு சொன்னாரு. தாய்ப்பால்ல ஒரு சக்கர இருக்காம், அது கொழந்தைக்கே செரிக்காதாம். அப்ப எதுக்கய்யா இருக்குன்னேன். அது குடிவந்தவங்களுக்குச் சாப்பாடுன்னாரு. அம்மா உடம்பு பிள்ளைக்கு மட்டும் ஆக்கலையாம், அதுக்குள்ள வர்ற விருந்தாளிக்கும் சேத்துதான் ஒல வெக்குதாம்.

— வர்றாங்க.

— யாரு?

— அந்த ஊருக்கு. மழையில நனஞ்சுக்கிட்டே. ஒரு பொம்பள இடுப்புல மூட்டையோட மொத வீட்டுக்குள்ள போறா. அடுப்பு பத்த வெச்சுட்டா போல, பொக வருது. பின்னாடியே சட்டி பானையெல்லாம் தூக்கிக்கிட்டு ஒரு கூட்டம். இடிச்சுக்காம ஆளுக்கொரு கதவு பாத்துப் போறாங்க.

— கனவுலயாவது போய்ச் சேரட்டும். எல்லாம் உன் ஆளுங்க.

— ஏன் அப்படிச் சொல்ற?

— உள்ளதத்தான் சொல்றேன். ரத்தம் உன்னுது, பால் உன்னுது, இப்ப குடிபோறதும் உன்னோட சனம். எனக்குன்னு அவளுக்குள்ள ஒருத்தர்கூட இல்ல. வலிக்குதுடி. சொல்லாம இருக்க முடியல.

— எனக்கு யாரு குடுத்தா அந்தச் சனத்த?

— அம்மாதான்.

— அம்மா எங்க இருந்தா? என்னப் பெத்துப் போட்டுட்டு மில்லு ஷிப்டுக்கு ஓடிட்டா. உனக்கு அப்ப ஒம்பது வயசு. பல்லு வராத பிள்ளைக்குக் காஞ்ச ரொட்டிதான் இருக்குன்னு, நீ வாயில போட்டு மென்னு மென்னு ஊட்டின.

— சீ, அத ஏன் ஞாபகப்படுத்தற. அறியாத வயசு. இன்னிக்கு யாராவது அப்படிச் செஞ்சா நானே கத்துவேன்.

— ஒரே தட்டு, ஒரே பாய். நான் வெரல் சப்பித்தான் தூங்குவேனாமே, அம்மா சிரிப்பா. என் வெரல் இல்ல, உன்னோடது. மண்ணுல வெளையாடிட்டு வந்த வெரல். இப்ப மூட்டையோட எறங்கிப் போறாங்களே, அதுல எத்தன பேரு நீ குடுத்தவங்களோ. அந்த மொத பொம்பள மொகம்கூட உன்ன மாதிரிதான் இருந்துச்சு.

...

— அக்கா? இருக்கியா?

— இருக்கேன். என்ன சத்தம் அது?

— அவதான்.

— என்ன பண்ணினா?

— காத்து விட்டா.

— நெசமாவா? இரு, தொட்டுப் பாக்கறேன். வயிறு இளகுதுடி. இங்க பாரு, விரல் அமுங்குது. கத்தல அவ. இன்னொண்ணு. விடு தாயி, விடு, இந்த ஆஸ்பத்திரியே அதிரட்டும்.

— அழறியாக்கா?

— பிள்ள குசு விட்டதுக்கு அழறவ ஒலகத்துலயே நான் ஒருத்திதான். சிரிக்காத, தையல் பிரிஞ்சிடும்.

— தூங்கிட்டா. பாலு வாயோரம் வழியுது. வாங்கிக்கக்கா. சீக்கிரம் வாங்கிக்க, என் கை பழகறதுக்குள்ள.

— குடுக்காத.

— என்ன?

— குடுக்காதங்கறேன். நாளைக்கு நானே மனசு மாறி வந்து கைய நீட்டினாலும் குடுக்காத.

— ஒளறாதக்கா. தொட்டில் வாங்கி, ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு... மாமாவுக்கு என்ன சொல்லுவ?

— ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றேன், இன்னொரு கட்டில் போடுங்கன்னு சொல்லுவேன். பிள்ளைக்கு நல்லா முத்தம் குடுத்துக்கங்கன்னும் சொல்லுவேன்.

— உனக்குன்னுதானேக்கா பெத்தேன்.

— எனக்குத்தான். இல்லேன்னு யாரு சொன்னா? நான் மென்னு ஊட்டி வளத்த பிள்ள நீ. உன் மடியில இவ. நல்லா சாஞ்சு படு, கையத் தளர்த்தாத. அம்மாவாகணும்னு படியேறி வந்தேன், ரெண்டு பேருமா சேந்து என்னப் பாட்டியாக்கிட்டீங்க.