இரும்புச் சக்களத்தி

இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும். தண்டவாளத்தை ஒட்டிப் போகும் மண்சாலை… பேருக்குக்கூட ஒரு விளக்கு கிடையாது. என் நண்பனின் சித்தி, கையில் சாப்பாட்டுக் கேரியரோடு தனியாக நடந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லும் கதையல்ல இது.

அவள் கணவர், பழைய ரயில் எஞ்சின்களைப் பாதுகாக்கும் ஷெட்டில் ஃபிட்டர். நூறு வயதான நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்காட்சிக்காகச் செப்பனிடும் வேலை. மாதக்கணக்காக வீடு அவருக்குத் துணி மாற்றும் இடமாக மட்டுமே இருந்தது.

"அண்ணி, அண்ணனுக்கு அங்க ஒருத்தி இருக்கா. ஆள் கறுப்புதான்… ஆனா போட்டிருக்க பித்தளை நகை என்னமா மின்னுது!" என்று நாத்தனார் கண்ணடித்தாள். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

ஷெட் வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

"வலிக்குதா கண்ணு? இந்த ஒரு போல்ட்டுதான்… அவ்வளவுதான்… முடிஞ்சுது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரல் அவள் காதில் விழுந்ததே இல்லை.

அவளைக் கண்டதும், "வச்சிட்டுப் போ" என்றார். கை கழுவப் பின்பக்கம் போய்விட்டார்.

சித்தி எஞ்சினை நெருங்கினாள். அவள் உயரத்துக்குச் சக்கரங்கள். துடைத்துத் துடைத்து முகம் தெரிந்த பித்தளை. கொதிகலனில் உள்ளங்கையை வைத்தாள்… சில்லென்றிருந்தது. நெருப்பையும் தண்ணீரையும் கண்டு பல காலமான இரும்பு.

"எனக்கும் ஒரு புருஷன் வேணும்டி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "குடுத்துடு."

உள்ளே எங்கோ… ஸ்ஸ்ஸ்… ஒரு நீண்ட பெருமூச்சு.

ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். படுத்துக் கண்ணயர்வதற்குள் கதவு தட்டப்பட்டது. அவர்தான். ஈர நிலக்கரியும் காய்ந்த எண்ணெயும் கலந்த வாடை. தொட்டால் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"என்னங்க, காய்ச்சலா?"

"இல்ல கண்ணு. நீ சாப்பிட்டியா?"

கண்ணு! அவர் உட்கார்ந்த கனத்தில் கட்டில் முனகியது. அவள் பாதங்களை மடியில் எடுத்து வைத்து, மெல்லப் பிடித்துவிட்டார். அப்படியொரு இதமான சூடு…

தலைமாட்டில் ஃபோன் அடித்தது. திரையில் கணவரின் பெயர்.

"ஏய், வேலை இழுத்துடுச்சு. இப்பதான் ஷெட்லேருந்து கிளம்புறேன். தாழ்ப்பாள் போட்டுடாதே."

சித்தி ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் கால்மாட்டைப் பார்த்தாள். கால்மாட்டில் இருந்தவர் தலை நிமிரவில்லை. பிடித்திருந்த கைகள் மட்டும் அப்படியே நின்றன… அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருப்பதுபோல.

"அவசரமில்ல… அங்கேயே படுத்துக்குங்க" என்றாள் சித்தி.

பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.