நெயில் பாலிஷ் அடையாளம்

மார்ச் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பட்டறை வாசலில், பழைய கார் ஒன்றின் இன்ஜினைக் கைப்பிடியால் சுற்றியபோது என் தங்கையின் வலது மணிக்கட்டு முறிந்தது. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாங்கள் தெரிவித்தது இவ்வளவுதான். மற்றதை நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அறையில் காற்று அங்கேதான் வரும்.

வண்டி ஒரு பல் டாக்டருடையது. பந்தயத்துக்காக இன்ஜினின் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, இரட்டைக் கார்புரேட்டர் வைத்திருந்தார். செல்ஃப் மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போயிருந்ததால், முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தீப்பொறி உரிய நேரத்தில் விழுந்தால் இன்ஜின் ஓடும். முந்தி விழுந்தால் ஏறிவரும் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். கைப்பிடி எதிர்த்திசையில் அடிக்கும். ஹெட் சீவிய இன்ஜினில் அந்த அடி இன்னும் பலமாக இருக்கும். அதனால் அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் ஒரு வழக்கம்: டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, வைத்தவர்தான் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். தன் கை என்றால் யாருக்கும் கவனம் தானாக வந்துவிடும்.

நாங்கள் இருவருமே அப்பாவிடம்தான் கற்றோம். நான் டைமிங் லைட் அடித்து, கோடு பார்த்து வைப்பேன். அவள் மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பாள். "அண்ணே, ஒரு முடி பின்னாடி தள்ளு" என்பாள். தள்ளுவேன். இன்ஜின் அடங்கி, சீராகிவிடும். இருபது வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அவளுக்கு ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது நான்தான்.

டாக்டர் வந்தாலே, "தங்கச்சி எங்கண்ணே?" என்றுதான் கேட்பார்.

"ஏன் டாக்டர், என்னைப் பாத்தா மெக்கானிக் மாதிரி தெரியலையா?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க வச்சா வண்டி ஓடும். அது வச்சா பாடும்."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவருடைய கார் கிளப் சொந்தமாக ஒரு பட்டறை தொடங்கவிருந்தது. அதைத் தங்கையின் பொறுப்பில் விட நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு உறுப்பினர்களுடன் வந்து அவள் வேலையைப் பார்ப்பதாகப் பேச்சு.

"நீயும் வந்துடுண்ணே" என்றாள் அவள். "உனக்கு அங்க ஒரு வேலை வாங்கித் தரேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று காலை அவளே இன்ஜினைக் கிளப்பி, சூடேறிய பிறகு காதால் கேட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைச் சற்று முன்னே நகர்த்தி, அணைத்தாள். டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கி, அது அசைந்தால் தெரிவதற்காக அதன் மீதும் இன்ஜின் மீதும் படுமாறு சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்தாள். அது அவள் வழக்கம். பிறகு கைகழுவி உடை மாற்றப் போனாள்.

நான் நட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தீப்பொறி முந்தும் பக்கமாகத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். பழைய கோட்டைத் தின்னரால் துடைத்தேன். பாட்டில் அவள் டூல் பெட்டியிலேயே இருந்தது. அவள் இழுப்பது போலவே சற்றுச் சாய்வாகப் புதுக் கோடு போட்டு, காயும்வரை ஊதினேன். அவசரப்படவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

டாக்டர் வந்ததும் அவள் கோட்டைக் குனிந்து பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துத்தான் பிடித்திருந்தாள். அது சரியான பிடி. இருந்தும் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் முன்னால் பல்பு மாட்டி டைமிங்கைச் சோதித்துக் காட்டினேன். "ரொம்ப முந்திப்போச்சு டாக்டர். காதை மட்டும் நம்பினா இப்படித்தான்." கிளப் பட்டறைக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு தங்கை அழுதாள். "சூட்டுல கேட்டு நான்தான் ஜாஸ்தியா தள்ளிட்டேன்ணே. நல்லவேளை, உன் கைக்கு ஆகல." அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

விபத்து என்றே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. கையை முறிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் ஒரே ஒருமுறை தவற வேண்டும் என்று நினைத்தேன். அண்ணனாக அதற்குக்கூடவா எனக்கு உரிமை இல்லை?

கை கூடிவிட்டது. ஸ்பானர் பிடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் பிடிப்பதில்லை, முன்னறையில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறாள். நேற்று ஒரு வண்டிக்கு டைமிங் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து மட்கார்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கையை வைக்கவில்லை.

"சரியா இருக்கா பாரு."

"எனக்குத் தெரியலண்ணே. நீ சொன்னா சரிதான்."

டைமிங் முந்தி இன்ஜின் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கே கேட்டது. சரியாக இருக்கிறது என்று சொல்லி வண்டியை அனுப்பிவிட்டேன்.