நடுவிலிருந்து உருவப்பட்ட தாள்

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, சீரமைப்புக் குழுவினரே, எதிரே அமர்ந்திருக்கும் என் மக்களே!

இந்த மேடை, இதோ மாலை போட்ட படத்தில் இருக்கும் இவருக்குத் துரோகம் செய்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமை எக்ஸ்ரே டெக்னீஷியன் அம்மா உங்கள் குழுவுக்கு எழுதிய அறிக்கையின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினீர்கள். மிச்சத்தை அவர் பெயரிலேயே நிறைவேற்றினீர்கள். அந்தத் தாளில் இருந்தது ஒரே வரி: 'எந்த ஊரின் எக்ஸ்ரே அறையையும் மூடக் கூடாது.' மூன்று ஊர்களில் மூடினீர்கள்!

நான் டார்க்ரூம் இருட்டிலேயே எக்ஸ்ரே ஃபிலிம் கழுவியவன். பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும்: ஒரே கால், ஒரே முறிவு, மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று படம். ஏன்? ஒரு டாக்டர் பார்த்த படத்தை அடுத்த டாக்டர் நம்புவதில்லை! அந்த வீண் செலவை நிறுத்தத்தான் இவர் எழுதினார். அறைகளைப் பூட்டவா எழுதினார்?

படம் தெளிவாக இருந்தால் உறையின் மேல் 'இதுவே போதும்' என்று எழுதிக் கையெழுத்திடுவார். 'போதும் அம்மா' என்று டாக்டர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். "கிண்டல் பண்றாங்கம்மா" என்றேன். "பண்ணட்டும் அண்ணே. உங்களுக்கு வச்ச 'வௌவால'விட இது தேவலை" என்றார்.

ஒரு படத்தில்கூட இடது, வலது குறிக்கத் தவறாதவர், அறிக்கையின் தாள்களுக்கு எண் போடவில்லை. கடைசித் தாளில் மட்டும் கையெழுத்திட்டார். "நம்பர் போடும்மா" என்றேன். "நம்ம ஆளுங்கதானே அண்ணே!" என்றார்.

நம்ம ஆட்கள்!

கை முறிந்த மாமியாரை இரண்டு பஸ் மாறி அழைத்து வந்த ஒரு பெண் கேட்டாள்: "எங்க ஊரு மெஷினைப் பூட்டச் சொன்னது நீங்கதானாமே? நல்லா இருங்க!" இவர் அந்த மாமியாரை மெல்ல உட்கார வைத்தார். அந்த அம்மாவின் கையைப் பதமாக வைத்துப் படம் எடுத்தார். அன்றிலிருந்து எந்த உறையிலும் 'இதுவே போதும்' என்று அவர் எழுதவில்லை. உங்களுக்கு மூன்று கடிதம் போட்டார். பதில் வந்ததா? சாகும்வரை வரவில்லை!

எனக்கு அவர் தந்த நகலில் அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது. இதோ!

சீரமைப்புக் குழுவின் செயலாளர் மூன்று அறைகளையும் திறந்து, பூட்டிய அதே கையால் சாவியைத் திருப்பிக் கொடுக்கட்டும். மருத்துவர்கள் கையில் இருக்கும் படத்தைப் பார்த்த பிறகே புதுப் படம் கேட்கட்டும். மூன்று ஊருக்கும் போய், 'மூடச் சொன்னது அவர் இல்லை' என்று வீடு வீடாகச் சொல்வது என் வேலை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அவர் மகள் இருக்கிறாள். இந்தத் தாளை வாங்கி, அவள் கேட்க, இதே மைக்கில் வாசியுங்கள். வாசிக்கும்வரை நான் இறங்க மாட்டேன்.